லோயரிங் ஸ்பிரிங் போட்டபின் முன்பக்கத்தில் சத்தம்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வண்டியின் உயரத்தை 30 மி.மீ. இறக்கும் லோயரிங் ஸ்பிரிங் (குட்டையான சஸ்பென்ஷன் ஸ்பிரிங்) செட் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வண்டி பார்க்க அம்சமாக இருக்கிறது, அதில் குறையே இல்லை. பின்பக்கமும் தொந்தரவு கிடையாது. முன்பக்கம்தான் படுத்துகிறது. நிறுத்திய இடத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினால் ‘கிரீச்’ என்று வேறொரு சத்தம். போட்டுக் கொடுத்த மெக்கானிக்கிடம் கேட்டால், “ஸ்பிரிங் கொஞ்சம் ஹார்டு சார், அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும்” என்கிறார். எனக்கோ ஓட ஓடக் கூடிக்கொண்டேதான் போகிறது. ஷாக் அப்சார்பர் வண்டியோடு வந்ததுதான், மாற்றவில்லை. இதே மாதிரி பட்டவர்கள் எதைப் பார்த்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.

* * *

‘டொய்ங்’ எனக்கும் இருந்தது, அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் வண்டியில் முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட்தான் (ஷாக்கும் அதைச் சுற்றி ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு) இருக்கும். அதில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே திரும்பும். மேலே பாடியில் போல்ட்டு போட்டிருக்கும் டாப் மவுண்ட் திரும்பாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பேரிங் உண்டு. அது இறுகிவிட்டால் ஸ்பிரிங் திரும்ப முடியாமல் முறுக்கேறும், ஒரு கட்டத்துக்கு மேல் சட்டென்று விட்டுவிடும். அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேட்பது. வண்டி தரையிலேயே நிற்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம். சுற்றுகளுக்கு நடுவில் விரலை விடவே கூடாது. வீலோடு சேர்ந்து ஸ்பிரிங்கும் வழுக்கிக்கொண்டு திரும்பினால் நல்லது. நின்று நின்று குதித்தால் பேரிங் அல்லது ஸ்பிரிங் உட்காரும் இடம், இரண்டில் ஒன்றுதான்.

என் வண்டியில் பேரிங் நன்றாகவே இருந்தது. ஸ்ட்ரட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கீழ்த்தட்டில் ஸ்பிரிங்கின் நுனி போய் முட்டி நிற்பதற்கென்று ஒரு படி இருக்கும். என் ஸ்பிரிங் நுனி அந்தப் படியிலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளி நின்றது. அடியில் இருக்க வேண்டிய ரப்பர் பாதி கிழிந்து ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது. ரப்பர் இல்லாத இடத்தில் ஸ்பிரிங்கின் பெயின்ட் உரிந்து, உள்ளே இரும்பு பளபளவென்று தெரிந்தது. ஸ்பிரிங் துருப்பிடிக்க ஆரம்பிப்பது அங்கேதான், பல சமயம் ஒடிவதும் அங்கேதான். புது ரப்பர் போட்டு, நுனியைப் படியில் சரியாக உட்கார வைத்ததும் சத்தம் போன இடம் தெரியவில்லை.

ஸ்ட்ரட்டைப் பிரித்துப் பூட்டும்போது மேல் நட்டை இம்பாக்ட் கன் போட்டு முடுக்க விடாதீர்கள். ராடு சேர்ந்து சுற்றினால் உள்ளே சீல் கெட்டு ஷாக்கில் ஆயில் கசியும். ராடை ஆலன் கீ வைத்துப் பிடித்துக்கொண்டு கையால்தான் முடுக்க வேண்டும். ஸ்பிரிங் கம்ப்ரெஸர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) இல்லாமல் அந்த நட்டைத் தொடவே கூடாது, ஆளைக் கொன்றுவிடும்.

* * *

‘கிரீச்’ சத்தத்துக்கு நீங்கள் ஸ்பிரிங் பக்கமே போக வேண்டாம். லோயர் ஆர்ம் புஷ்ஷை, அதாவது வீலைப் பிடித்திருக்கும் கீழ்க் கையை வண்டியோடு இணைக்கும் ரப்பர் உருளையைப் பாருங்கள்.

பலருக்கு, மெக்கானிக்குகள் உட்பட, அந்தப் புஷ் உள்ளே சுழல்கிறது என்றே எண்ணம். சுழலாது. ரப்பர் வெளிக்குழாயோடும் உள்குழாயோடும் ஒட்டியே இருக்கும். போல்ட்டை முடுக்கியதும் உள்குழாய் அசையாமல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுக்கிக் கொடுப்பதால்தான். வண்டியை ஜாக்கியில் தூக்கி, வீல் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முடுக்கினால் ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. கீழே இறக்கியதும் அது நிற்கும்போதுகூட முறுக்கிக்கொண்டே நிற்கிறது. அதற்கு மேல் ஒரு குழி வந்தால் இன்னும் முறுக்கும். சீக்கிரமே விரிசல் விட்டுக் கத்த ஆரம்பிக்கும். சர்வீஸ் புத்தகத்தில் ‘வண்டியின் எடை வீலில் இருக்கும்போது முடுக்கவும்’ என்று போட்டிருப்பது இதற்காகத்தான். அவசரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்?

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்லவே மாட்டார்கள். உங்கள் மெக்கானிக் அந்தப் போல்ட்டைத் தொடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பிரச்சினைதான். புஷ் பழைய உயரத்துக்கு முடுக்கியது, இப்போது வண்டி அதைவிடக் கீழே நிற்கிறது. எந்த உயரத்துக்கு இறக்கினாலும் அந்தப் புது உயரத்தில் வைத்து லோயர் ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி முடுக்க வேண்டும். நான்கு வீலும் பலகையில் நிற்கிற மாதிரி லிஃப்ட் இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டி தரையில் நின்றபோது வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இருந்த அளவு வரும்வரை ஏற்றி முடுக்கலாம். சில வண்டிகளில் அந்தப் போல்ட்டை ஒரு முறைதான் பயன்படுத்தலாம், கழற்றினால் புதிது போட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இதை மட்டும் செய்தேன், வேறு எதையும் மாற்றவில்லை. கிரீச் நின்றுவிட்டது.

ஆமாம், நீங்கள் இறக்கியதை அளந்து பார்த்தீர்களா? 30 என்று பெட்டியில் போட்டிருப்பது வேறு, வண்டி இறங்கியது வேறு.

* * *

சத்தம் இருந்தாலாவது ஏதோ சரியில்லை என்று தெரியும். என் வண்டி சத்தமே போடாமல் இரண்டு முன் டயரைத் தின்றுவிட்டது. வெளியே நின்று பார்த்தால் டயர் புதுசு மாதிரி. ஸ்டியரிங்கை ஒடித்து உள்விளிம்பைப் பார்த்தால் கம்பி தெரிகிறது! எல்லாரும் கேம்பரைத்தான் (வீல் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) திட்டுவார்கள். இறக்கினால் கேம்பர் நெகட்டிவ் பக்கம் போவது, அதாவது வீலின் மேல்பக்கம் உள்ளே சாய்வது உண்மைதான், ஆனால் டயரை வேகமாகக் காலி பண்ணுவது டோ (மேலிருந்து பார்த்தால் வீல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு). உயரம் மாறினால் டை ராடின் (ஸ்டியரிங்கை வீலோடு இணைக்கும் கம்பி) கோணம் மாறும், அதனால் டோவும் மாறும். ஸ்பிரிங் போட்ட அன்றே அலைன்மென்ட் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். புது ஸ்பிரிங் ஓட ஓட இன்னும் கொஞ்சம் படியும். படிந்தபின் மறுபடி பாருங்கள். புஷ் போல்ட்டைத் தளர்த்தி முடுக்குவதாக இருந்தால் அலைன்மென்ட் அதற்குப் பிறகுதான்.

* * *

நான் போட்டுவிட்டுக் கழற்றிய ஆள். என் கதை வேறு. சத்தம் இல்லை, இடி. சின்னக் குழிக்கே முன்பக்கம் ‘தட்’ என்று மோதும். ஸ்பிரிங் ஹார்டு என்றுதான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நண்பர் ஒரு வேலை செய்தார். டஸ்ட் பூட்டை (ராடை மூடும் உறை) மேலே தள்ளிவிட்டு, ஷாக்கின் ராடில் அடிப்பக்கமாக ஒரு கேபிள் டையைக் கட்டினார். வழக்கமான சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், டை மேலே பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசாக அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) வரை போய் அதில் அழுந்திக் கிடக்கிறது. அதாவது நான் பாதி நேரம் ஸ்பிரிங் மேலேயே ஓட்டவில்லை, ரப்பர் கட்டை மேல்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கணக்கு எளிது. ஸ்ட்ரட் வண்டியில் 30 மி.மீ. இறக்கினால் மேலே அமுங்க இருந்த இடத்தில் கிட்டத்தட்ட அதே 30 மி.மீ. போய்விடும். லோயரிங் ஸ்பிரிங்கை ஹார்டாகச் செய்வதே மிச்சமிருக்கும் இடத்துக்குள் சமாளிக்கத்தான். சில செட்டோடு குட்டையான பம்ப் ஸ்டாப் வரும், சிலதில் இத்தனை மி.மீ. வெட்டு என்று குறிப்பு இருக்கும். குறிப்பு இல்லாமல் நாமாக வெட்டினால் ஷாக் உள்ளே இரும்போடு இரும்பு மோதும். எனக்கு அந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்று பழைய ஸ்பிரிங்கையே போட்டுவிட்டேன். வண்டி உயரமாக, அசிங்கமாக நிற்கிறது. முதுகு நன்றாக இருக்கிறது.

* * *

சின்னதாக ஒன்று. ‘கடக் கடக்’ என்று சின்னச் சின்ன மேடுகளில் மட்டும் கேட்டால் ஸ்டெபிலைசர் லிங்க் ராடைப் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்ன ராடு) பாருங்கள். இறக்கியதும் அதன் கோணம் மாறி, ஏற்கெனவே தேய்ந்திருந்த பால் ஜாயின்ட் ஆட ஆரம்பிக்கும். சோதிக்க ஒரு வழி, லிங்க் ராடைக் கழற்றிவிட்டு அதே தெருவில் மெதுவாக ஒரு சுற்று. சத்தம் இல்லையென்றால் அதுதான். கழற்றியபடி வேகமாக ஓட்டாதீர்கள், வளைவில் வண்டி சாயும்.

* * *

கேள்வி கேட்டவன் வந்திருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி. கையை வைத்துப் பார்த்தேன், இடது ஸ்பிரிங் நின்று நின்று குதிக்கிறது, வலது பரவாயில்லை. அளந்தும் பார்த்தேன். பழைய அளவு குறித்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. பின்பக்கம் 28 மி.மீ. இறங்கியிருக்கிறது, முன்பக்கம் 46! ஜாக்கி போட்டு முன்வீலைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங்கைக் கையால் பிடித்து ஆட்ட முடிகிறது. இது சாதாரணம்தானா?

* * *

சாதாரணம் இல்லை. வீல் முழுசாகத் தொங்கும்போதும் ஸ்பிரிங் இரண்டு தட்டுக்கும் நடுவில் பிடித்துத்தான் நிற்க வேண்டும். ஆடுகிறதென்றால் ஒரு பெரிய குழியில் வீல் இறங்கும்போது நுனி படியை விட்டு நகர்ந்து, வேறு இடத்தில் போய் உட்காரும். உங்கள் இடது பக்கத்து ‘டொய்ங்’ அப்படி வந்ததாக இருக்கலாம்.

முன்பக்கம் மட்டும் 46 இறங்கியது எனக்கு இடிக்கிறது. ஒரே மாடலில் பெட்ரோலுக்கு ஒரு ஸ்பிரிங், டீசலுக்கு ஒரு ஸ்பிரிங் இருக்கும். டீசல் எஞ்சின் கனம், அதனால் முன் ஆக்ஸில் எடை அதிகம். லேசான எஞ்சினுக்கான ஸ்பிரிங்கைக் கனமான வண்டியில் போட்டால் இப்படித்தான் கூடுதலாக உட்காரும். ஸ்பிரிங்கின் மேலேயே ஒரு எண் அச்சிட்டிருக்கும், அழுக்கைத் துடைத்தால் தெரியும். செட்டோடு வந்த தாளில் அந்த எண்ணுக்கு நேராக எத்தனை கிலோ ஆக்ஸில் எடை வரை என்று போட்டிருக்கிறதா பாருங்கள். உங்கள் வண்டியின் முன் ஆக்ஸில் எடை வண்டியின் தகட்டில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லையென்றால் ஸ்பிரிங்கைத் திருப்பிக் கொடுங்கள். பொருந்தினால் இதோடு போடக்கூடிய குட்டை ஷாக் தேவை, பழைய ஷாக் இதற்கு நீளம். எதுவானாலும் எண்ணைப் பார்க்கும்வரை புஷ், பேரிங், அலைன்மென்ட் எதற்கும் காசு செலவழிக்காதீர்கள், வண்டியையும் வெளியே எடுக்காதீர்கள். தாளைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.