பனி தள்ளுற பிளேட்டுக்கு இரும்பா ரப்பரா?

நான் மட்டக்களப்பு, வெல்டிங் கடை. தம்பி கனடாவுல பனி தள்ளுறான், பிளேட்டுக்கு அடியில பூட்டுற எட்ஜ் பட்டி தேஞ்சிட்டாம், என்ன பூட்டுற எண்டு என்னட்ட கேக்கான், நான் பனியைக் கண்டதே பிரிட்ஜுக்குள்ளதான் 😄

↳ இறுகின பனி, ஐஸ் எண்டா இரும்புதான் மச்சான், ரப்பர் மேலால வழுக்கிட்டுப் போகும். சேறு மாதிரி ஈரப்பனிக்கு ரப்பர் நல்லம், வயல்ல பலகை இழுத்த மாதிரி வழிச்சுத் தரும், கல்லுப் பதிச்ச முத்தத்துலயும் கீறல் விழாது.

↳ நாள் முழுக்க தார் ரோட்டுல ஓட்டமெண்டா கார்பைட் (இரும்பை விடக் கடினமான, லேசுல தேயாத சாமான்) வெச்ச எட்ஜ் பாக்கச் சொல்லுங்கண்ணே. விலை கூட, ஆனா கனகாலம் தேயாது. மேன்ஹோல் மூடியில அடிச்சா கார்பைட் உடையும், மறுகா அழுது வேலையில்ல.

↳ அவன்ட வேலை கடை பார்க்கிங்லதான், அப்ப இரும்பு. போல்ட் ஓட்டை சரியா இருந்தா பழசையே தேயாத பக்கம் கீழ வாற மாதிரித் திருப்பிப் பூட்டிப் பாக்கச் சொல்றன்.