கரிய கல்லில் வெண்பூ: இயற்கையா, வரைந்ததா?

கேள்வி (உப்புவெளி, திருகோணமலை):
உறவினர் ஒருவர் சீனாவிலிருந்து கொண்டுவந்து தந்த கரிய கல்லில் வெண்ணிறச் செவ்வந்தி போன்ற உருவம் உள்ளது. இது வரையப்பட்டதா, இயல்பாகவே உருவானதா என்று எவ்வாறு அறியலாம்?

பதில் 1:
ஹுனான் மாகாணத்து லியுயாங் பகுதியில் இவ்வகைக் கற்கள் கிடைக்கின்றன. கரிய சுண்ணாம்புப் பாறைக்குள் செலஸ்டைட் என்னும் கனிமத்தின் படிகங்கள் ஒரு மையத்திலிருந்து ஆரைகளாக வளர்ந்து, பின்னர் பெரும்பாலும் கல்சைட் என்னும் வெண்ணிறக் கனிமமாக மாறியதாலேயே இதழ்கள் தோன்றின. ஆகவே இது பூவின் புதைபடிவம் அன்று. இதழ்களைத் துலக்கிக் காட்டச் சுற்றிலும் செதுக்குவது வழக்கம், அதை மோசடி எனக் கொள்ள வேண்டாம்.

பதில் 2:
கடையில் 'செவ்வந்திக்கல்' என்று கேட்டுவிடாதீர்கள். தமிழில் அப்பெயர் கொண்ட ஊதா நிற மணிக்கல்லான அமெதிஸ்டை எடுத்து நீட்டுவார்கள். பக்கவாட்டில் உருப்பெருக்கியால் பாருங்கள்: வெள்ளை நிறம் மேற்பரப்போடு நின்றுவிட்டால் ஐயப்படலாம்.

கேட்டவர்:
உள்ளேயும் தொடர்கிறது. வினாகிரி விட்டுப் பார்க்கலாமா ஐயா?

பதில் 1:
வேண்டாம், கல்சைட்டும் சுண்ணாம்புப் பாறையும் அமிலத்தில் கரைவதால் மெருகு கெட்டுவிடும்.