திருகோணமலையில் பயன்படுத்த ஒரு சிறிய மிரர்லெஸ் கமரா: கேனன் ஆர் 50, ஒலிம்பஸ் ஈ-எம்10 மார்க் 4, சோனி ஏ6400 ஆகியவற்றில் எதை வாங்கலாம்?

உப்புவெளி ரீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். நான் உப்புவெளியில் வசிக்கும் விஞ்ஞானப் பாட ஆசிரியை. இதுவரை கைத்தொலைபேசியிலேயே படம் எடுத்து வருகிறேன். பகல் வெளிச்சத்தில் அது தரும் படங்களில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் துறைமுகத்துக்கு மேலே வட்டமிடும் செம்பருந்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் அது பருந்தா காகமா என்றே தெரிவதில்லை. பத்திரகாளி அம்மன் கோயில் இரவுத் திருவிழாவில் எடுத்த முகங்களோ மெழுகு பூசியவைபோல வழுவழுவென்று இருக்கின்றன. ஆகவே லென்ஸ் மாற்றக்கூடிய ஒரு சிறிய கமரா வாங்குவதென்று தீர்மானித்து, லென்ஸ்களையும் சேர்த்து மூன்று இலட்சம் ரூபா வரை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

பாடசாலைக்குக் கொண்டுபோகும் கைப்பைக்குள் அடங்காத கமரா சில மாதங்களில் அலுமாரிக்குள் போய்விடும் என்பது என்னைப்பற்றி எனக்கு நன்றாகத் தெரிந்த விடயம். அதனால் சிறியவையாகப் பார்த்து மூன்றைத் தெரிவு செய்தேன். 2023இல் வந்த கேனன் ஆர் 50 பற்றரியோடு 375 கிராம். 2020இல் வந்த ஒலிம்பஸ் ஈ-எம்10 மார்க் 4 383 கிராம். 2019இல் வந்த சோனி ஏ6400 403 கிராம். நிறையில் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதான்.

நான் எடுக்க விரும்புபவை கோயில் திருவிழாக்கள், மாலை நடையில் காணும் பறவைகள், அக்காவின் இரண்டு பிள்ளைகள், வருடத்தில் ஒருமுறை வள்ளத்தில் போய்ப் பார்க்கும் திமிங்கிலங்கள். ஒலிம்பஸின் சென்சர் (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு) மற்ற இரண்டையும்விடச் சிறியது என்பதால் இரவில் அது உதவாது என்று போகுமிடமெல்லாம் சொல்கிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காக அதை ஒதுக்கிவிட வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நிலாவெளி உப்பளம்:

வணக்கம் ரீச்சர். நீங்கள் விஞ்ஞானம் படிப்பிப்பவர் என்பதால் கணக்கோடே சொல்கிறேன். ஒலிம்பஸின் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சர் 17.3 மி.மீ. அகலமும் 13 மி.மீ. உயரமும் கொண்டது, பரப்பளவு ஏறத்தாழ 225 சதுர மி.மீ. கேனனின் ஏபிஎஸ்-சி சென்சர் 22.3 பெருக்கல் 14.9, அதாவது 332. சோனியுடையது அதைவிடச் சற்றுப் பெரியது. ஆக, சென்சரை மட்டும் பார்த்தால் கேனனுக்குக் கிடைக்கும் வெளிச்சம் ஒலிம்பஸைப்போல ஒன்றரை மடங்குதான். புகைப்படக்காரர் கணக்கில் அது ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரு மடங்காவது) கூட ஆகாது.

இப்போது லென்ஸைப் பாருங்கள். ஆர் 50உடன் பெட்டியில் வரும் 18-45 லென்ஸ், தொலைவைக் கிட்டக் காட்டும் 45 மி.மீ. முனையில் எஃப் 6.3க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்புப் பெரிது). அதே கமராவில் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை மாட்டினால் 12 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். பெட்டி லென்ஸில் ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு நேரம் தேவைப்பட்ட படத்தை இந்த லென்ஸில் 120இல் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துவிடலாம். ஒன்றரை மடங்குக்காக மாதக்கணக்கில் வாதாடிவிட்டு, 12 மடங்கு தரும் லென்ஸுக்குப் பணம் மிச்சம் வைக்காமல் கடையைவிட்டு வெளியே வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன் (முதலாவது ஆள் நான்தான்). மெழுகு பூசிய முகங்களுக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது.

ஒலிம்பஸை நான் இன்னும் வைத்திருப்பதற்குக் காரணம் அதன் லென்ஸ்கள். எஃப் 1.8 திறக்கும் 45 மி.மீ. லென்ஸ் 116 கிராம். 40-150 லென்ஸ் 190 கிராம். இரண்டையும் கமராவோடு சேர்த்தாலும் ஒரு கிலோ வராது. அந்தச் சென்சரில் கோணம் பாதியாகச் சுருங்குவதால் 150 மி.மீ. லென்ஸ் பழைய ஃபிலிம் கமராவின் 300 மி.மீ. லென்ஸ்போலக் காட்டும். பருந்துக்கு அது போதாதென்றால் 75-300 லென்ஸ் இருக்கிறது, 423 கிராம். கேனனில் அதே தூரத்துக்கு 100-400 லென்ஸ் வேண்டும். 635 கிராம் வரும், கைப்பைக்குள் அடங்காது. தவிர, ஈ-எம்10இன் உடலுக்குள்ளேயே அதிர்வைத் தாங்கும் அமைப்பு உண்டு. எந்த லென்ஸை மாட்டினாலும் கை நடுக்கத்தை அது ஈடுசெய்யும். ஆர் 50இலும் ஏ6400இலும் அது இல்லை; லென்ஸிலேயே அந்த வசதி இருந்தால்தான் உண்டு. மாலை ஆறரை மணிக்குச் சுவாமி மலையிலிருந்து கடலை எடுக்கும்போது முக்காலி இல்லாத குறையே எனக்குத் தெரிவதில்லை.

கடைக்குப் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். கைத்தொலைபேசியில் கடந்த ஒரு வருடமாக எடுத்த படங்களில் இரவு எத்தனை, பறவை எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எடுக்க ஆசைப்படுவதும் உண்மையில் எடுப்பதும் பெரும்பாலும் வெவ்வேறாக இருக்கும்.

கோட்டையடி ஸ்டூடியோ:

உப்பளம் அண்ணா சொன்ன கணக்கில் பிழை இல்லை. ஆனால் அதில் ஓடும் பிள்ளை இல்லை. உடலுக்குள் இருக்கும் அதிர்வு தாங்கும் அமைப்பு உங்கள் கையைத்தான் நிறுத்தும், காவடி ஆடுபவரின் காலை நிறுத்தாது. பாறையும் கோபுரமும் கடலும் எடுப்பவருக்கு அது வரம். ரீச்சர் கேட்டிருக்கும் நான்கு விடயங்களில் மூன்று அசைபவை, நான்காவதான திருவிழாவிலும் ஒருவரும் அசையாமல் நிற்பதில்லை.

நான் திருமண வீடுகளில் படம் எடுத்துப் பிழைப்பவன். என்னைக் கேட்டால் இந்த மூன்று கமராக்களுக்கும் இடையிலுள்ள பெரிய வேறுபாடு குவியம் பிடிக்கும் முறைதான். ஈ-எம்10 மார்க் 4, படத்தின் கூர்மை கூடுகிறதா குறைகிறதா என்று லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துக் குவியத்தைக் கண்டுபிடிக்கிறது. அசையாத பொருளுக்கு அது மிகத் துல்லியம், நம்மை நோக்கி ஓடிவரும் பிள்ளைக்கு அது எப்போதும் ஓர் அடி பின்னால்தான். மற்ற இரண்டும் எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்பதைச் சென்சரிலேயே அளந்துவிடுகின்றன. அதோடு, ஆர் 50 மனிதரின் கண்ணை மட்டுமல்லாமல் பறவையையும் அடையாளம் கண்டு பின்தொடரும். பறக்கும் செம்பருந்தை முதல் வாரத்திலேயே கூர்மையாக எடுக்க வேண்டுமென்றால் அந்த உதவி சிறிதல்ல.

கேனனுக்கு எஃப் 1.8 திறக்கும் 50 மி.மீ. லென்ஸ் இருக்கிறது, 160 கிராம், கேனன் லென்ஸ்களில் மலிவானவற்றுள் ஒன்று. ஆர் 50இல் அது 80 மி.மீ. லென்ஸ்போலக் காட்டுவதால் சனக்கூட்டத்துக்கு வெளியே நின்றே ஒருவரின் முகத்தை எடுக்கலாம். ஆர் 50க்கு ஏற்ற சிறிய லென்ஸ்கள் குறைவு என்ற குற்றச்சாட்டு முன்பு நியாயமானதாக இருந்தது. 2024இல் சிக்மா நிறுவனம் ஆர் 50இன் மவுண்டுக்கும் (கமராவில் லென்ஸ் பொருந்தும் வாய்) லென்ஸ் செய்யத் தொடங்கியபின் அந்தக் குறை குறைந்துவிட்டது. தொலைவுக்கு 270 கிராம் நிறையுள்ள 55-210 லென்ஸோடு சேர்த்தும் ஆர் 50ஐ விற்கிறார்கள். அது 100-400க்கு ஈடாகாது, ஆனால் கைப்பைக்குள் போகும். பிரட்றிக் கோட்டை மான்களுக்கு எந்தத் தொலைநோக்கு லென்ஸும் தேவையில்லை ரீச்சர். அவை வந்து உங்கள் பையையே முகர்ந்து பார்க்கும்.

ஆலயத்துக்குள் எடுப்பதானால் முதலில் அனுமதி கேளுங்கள். எல்லாக் கோயிலிலும் வழக்கம் ஒன்றல்ல.

கிண்ணியாப் பாலம்:

எல்லோரும் வெளிச்சத்தையும் குவியத்தையும் பேசுகிறார்கள். உப்பை ஒருவரும் பேசவில்லை. நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் ஏ6400க்கு மட்டுமே தூசிக்கும் ஈரத்துக்கும் ஓரளவு காப்புச் சொல்லப்படுகிறது; அதன் பெட்டி லென்ஸுக்கு அதுவும் இல்லை. திமிங்கிலம் பார்க்கப் போகும் வள்ளத்தில் தெறிக்கும் கடல்நீரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கரைக்கு அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு இருப்பதால் திமிங்கிலம் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை என்றாலும், திரும்பி வரும்போது அலை முகத்தில் அடிக்கத்தான் செய்யும். கடல் உங்களுக்கு முக்கியமானால், நீர்த்தெறிப்பைத் தாங்கும் ஒலிம்பஸ் ஈ-எம்5 மார்க் 3ஐ, அதே காப்புள்ள 14-150 இரண்டாம் பதிப்பு லென்ஸோடு, பாவித்ததாகத் தேடிப் பாருங்கள். கடலில் லென்ஸ் மாற்றும் தேவையே வராது.

பாவித்த லென்ஸ் வாங்குவதானால் ஒரு பக்கத்தால் டோர்ச் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி நூல்போல ஏதேனும் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். எனது முதல் லென்ஸை ஒரு மாரிகாலம் முழுவதும் தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டி வைத்தேன். தை மாதம் எடுத்துப் பார்த்தபோது உள்ளே ஒரு காடே வளர்ந்திருந்தது. காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும், ஈரப்பதன் காட்டும் சிறிய மானியும் போதும். மானி 40க்கும் 50க்கும் இடையில் நிற்கப் பார்த்துக்கொள்ளுங்கள். அரிசிக்குள் வைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், அதன் தவிடு லென்ஸுக்குள் போகும். கச்சான் காற்று அடிக்கும் நாளில் கடற்கரையில் நின்று லென்ஸ் மாற்றவும் வேண்டாம்.

உப்புவெளி ரீச்சர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சென்சர் விடயத்தில் இருந்த குழப்பம் தீர்ந்தது. சோனி ஏ6400ஐ மட்டும் ஒருவரும் பரிந்துரைக்கவில்லையே, அதில் ஏதும் குறை உண்டா? துபாயில் இருக்கும் தம்பி வரும்போது அங்கிருந்து வாங்கி வருவதாகவும் சொல்கிறான், அது நல்லதா?

நிலாவெளி உப்பளம்:

குறை என்று சொல்ல முடியாது. குவியம் பிடிப்பதில் அது இன்றும் கெட்டிக்காரக் கமராதான். சோனியின் இந்த மவுண்ட் 2010 முதல் இருப்பதால் பாவித்த லென்ஸ்களும் அதற்குத்தான் அதிகம் கிடைக்கும். எனினும் உடலில் அதிர்வு தாங்கும் வசதி இல்லை, பறவையை அடையாளம் காணும் வசதியும் இல்லை. ஆர் 50ஐவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். தம்பி வாங்கி வருவதானால், அங்கே தரும் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதை அவர் பணம் கட்டுவதற்குமுன் கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளட்டும். செல்லாது என்றால், கொழும்புக் கடை கேட்கும் மேலதிகப் பணத்தை அந்த உத்தரவாதத்தின் விலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளி ரீச்சர்:

நேற்றிரவு நீங்கள் சொன்னபடி கைத்தொலைபேசிப் படங்களை எண்ணிப் பார்த்தேன். வேண்டியவை என்று நான் அழிக்காமல் வைத்திருந்த 412 படங்களில் 260க்கும் மேற்பட்டவை மனிதர்கள், அவற்றிலும் பாதிக்குமேல் மாலை ஆறு மணிக்குப் பிந்தியவை. பறவைகள் 31, திமிங்கிலம் 4, அந்த நான்கிலும் வால் மட்டுமே. கடலுக்கும் பறவைக்கும் கமரா தேடிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். எண்ணிக்கை வேறு கதை சொல்லுகிறது.

ஆகவே ஆர் 50ஐப் பெட்டி லென்ஸோடும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸோடும் வாங்கப் போகிறேன். தொலைவுக்கான லென்ஸை அடுத்த வருடம் பார்க்கலாம். இந்த முறை திமிங்கிலத்தை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன். உப்பளம் அண்ணா கோபிக்கக் கூடாது. கிண்ணியாத் தம்பி, சிலிக்கா ஜெல் நிறம் மாறியபின் அதை வெயிலில் காயவைத்தால் போதுமா, அடுப்பில் சூடாக்க வேண்டுமா?

கிண்ணியாப் பாலம்:

பாவிக்காத பழைய தாச்சியில் மெல்லிய நெருப்பில் வறுத்தெடுங்கள் ரீச்சர், பழைய நிறம் திரும்பும்வரை. மாரிகாலத்தில் நமக்கு வெயில் எங்கே கிடைக்கப்போகிறது? நன்றாக ஆறியபின் பெட்டிக்குள் போடுங்கள். அந்தத் தாச்சியில் பிறகு சமைக்க வேண்டாம்.