கிட் கார் கதவு சரியாக உட்காரவில்லை, மேட்டில் ஏறினால் தானாகத் திறக்கிறது – உதவி தேவை

கோத்தகிரி_ஷெட்:
வணக்கம். 1962-ல் வந்த ஏசி கோப்ரா என்ற கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில் ஃபைபர் பாடி கிட் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டுவது) ஒன்றை வைத்து ஒரு கார் கட்டிக்கொண்டிருக்கிறேன், ரோட்டுக்கு இல்லை, தோட்டத்துக்குள் ஓட்டத்தான். என்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் ஏறிவிட்டது, பாடியையும் சேசிஸில் போல்ட் போட்டு முறுக்கிவிட்டேன். கதவுதான் உயிரை வாங்குகிறது.

வலது கதவின் பின்பக்கம் பாடி கோட்டுக்கு மேலே 5 மி.மீ. தூக்கி நிற்கிறது. பின் இடைவெளி மேலே விரல் போகும் அளவு, கீழே உரசுகிறது. இடது கதவு பார்க்க ஒழுங்காக இருக்கிறது, ஆனால் ஓங்கிச் சாத்த வேண்டும், ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் படக்கென்று திறந்துகொள்கிறது. ஃபைபர் வேலை செய்பவர் ஓரத்தை அறுத்துத் தேய்த்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

டிங்கர்_குன்னூர்:
தம்பி, கிரைண்டரை எடுத்து உள்ளே வை. அறுத்தால் திரும்ப வராது, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கார் எங்கே நிற்கிறது? நம்ம ஊரில் சமமான தரை என்று ஒன்று கிடையாது, ஷெட் தரையே ஒரு பக்கம் சரிந்திருக்கும். கொத்தனாரிடம் ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற குழாய்) வாங்கி நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் நிற்கிற மாதிரி அடியில் பலகை கொடு. இல்லாவிட்டால் தேயிலை ஃபேக்டரியில் இலை எடை போடுகிற தளத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்.

அப்புறம் பாடி போல்ட்களை ஒவ்வொன்றாகத் தளர்த்து. எங்கே பாடி மேலே எழும்புகிறதோ அங்கே அடியில் இடைவெளி இருந்திருக்கிறது, அதை போல்ட்டால் கீழே இழுத்து வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். ஃபைபர் வளைந்து கொடுக்கும், ஆனால் அந்த வளைவு கதவுத் திறப்பில் போய் நிற்கும். நீ சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் வலது பின் பக்கம் பாடி கீழே இழுபட்டிருக்கிறது. கதவு தூக்கவில்லை, பாடிதான் இறங்கியிருக்கிறது.

மலைப்பாதை_ஜீப்:
அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. கூரை இல்லாத கார், எடை ஏறினால் நடுவில் கொஞ்சம் தொய்யும், கதவுத் திறப்பின் மேல்பக்கம் நெருங்கும். அதனால் இரண்டு சீட்டிலும் ஆள் எடைக்கு மூட்டை வைத்துவிட்டு இடைவெளியை அள. வெறும் வண்டியில் அழகாக வைத்துவிட்டு ஆள் ஏறியதும் மாட்டிக்கொண்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இடது கதவுக்கு வேறு காரணம் இருக்கலாம். லாக்கில் இரண்டு ‘டக்’ கேட்க வேண்டும். ஒன்று மட்டும் கேட்டால் பாதிதான் பிடித்திருக்கிறது. கதவைச் சுற்றியுள்ள ரப்பரைக் கழற்றிவிட்டுச் சாத்திப் பாருங்கள்.

கோத்தகிரி_ஷெட்:
அண்ணே, சரியாகச் சொன்னீர்கள். வலது பின் போல்ட்டைத் தளர்த்தியதும் பாடி நன்றாக எழும்பியது. அந்த இடைவெளிக்கு 4 மி.மீ. அலுமினியத் தகடு வைத்து, அதன் மேல் மெல்லிய ரப்பர் போட்டு முறுக்கினேன். 5 மி.மீ. இருந்த இடத்தில் இப்போது ஒன்றோ ஒன்றரையோதான். ஆனாலும் பின் இடைவெளி மேலே சற்று அகலம்.

இடது பக்கம் ரப்பரைக் கழற்றினால் இரண்டு டக்கும் கேட்கிறது!

டிங்கர்_குன்னூர்:
மிச்சத்தைக் கீலில் பார். முதலில் ஸ்ட்ரைக்கரை, அதாவது பாடியில் கதவு லாக் போய்ப் பிடிக்கிற கொக்கியைக் கழற்றி வை, அது இருந்தால் கதவை அதுவே இழுத்துத் தூக்கிக் காட்டி ஏமாற்றும். மேல் கீலுக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்தால் கதவின் மேல்பகுதி பின்னால் நகரும், பின் ஓரம் இறங்கும், உனக்கு இரண்டுமே வேண்டும். பின் ஓரம் தொங்கினால் இதே ஷிம்மைக் கீழ்க் கீலுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு ஷிம் கொடு, சாத்து, பார். இரண்டு கீலையும் ஒரே நேரத்தில் தளர்த்தாதே.

சுற்றிலும் 4, 5 மி.மீ. கிடைத்தால் போதும், ஃபைபர் காருக்கு அதற்கு மேல் ஆசைப்படாதே. இரும்புக் கதவு மாதிரி கட்டையை இடையில் வைத்து அமுக்கி வளைக்கவே கூடாது, மேல்பூச்சு கீறல் விட்டுவிடும். எல்லாம் முடிந்த பிறகு ஸ்ட்ரைக்கரை மாட்டு.

இடது கதவுக்கு மெல்லிய, உள்ளே காற்று உள்ள ரப்பர் வாங்கு. எந்த இடத்தில் நெருக்கம் என்று தெரிய, பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணை உருட்டி ஓரத்தில் ஒட்டிச் சாத்தினால் தடிமன் சொல்லிவிடும்.

ஃபைபர்_கைவேலை:
ஓரத்தில் எங்காவது ஏற்றிக் கட்ட வேண்டியிருந்தால் ஐப்பசி மழை நேரத்தில் செய்யாதீர்கள். 15 டிகிரிக்குக் கீழே பாலியஸ்டர் ரெசின் சரியாக இறுகாது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை அள்ளி ஊற்றுவதைவிட ஹாலஜன் விளக்கைத் தள்ளி வைத்துச் சூடு கொடுப்பது நல்லது. ரெசின் வேகமாக இறுகச் சேர்க்கிற கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றாகக் கலக்கவே கலக்காதீர்கள், வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் அடுத்தது.

கோத்தகிரி_ஷெட்:
ஷிம் போட்டாயிற்று, வலது கதவு இப்போது விரலால் தள்ளினாலே சாத்திக்கொள்கிறது. மெல்லிய ரப்பர் வாங்க மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். ஓரம் கட்டுகிற வேலை வெயில் வந்த பிறகு.