பாரிஸ் ஒலிம்பிக் 2024 தொடக்க விழா: ஆத்துல நடத்துனது உங்களுக்குப் புடிச்சுதுங்களா?

பவானித்தறி:
நேத்து ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிச்சதுங்க. தறியை நிறுத்திட்டு நானும் அம்முச்சியும் கடைசி வரைக்கும் பாத்தோம். கோடை ஒலிம்பிக் தொடக்க விழா மைதானத்தை விட்டு வெளிய நடக்குறது இதுதான் முதல் தடவை. சென் ஆத்துல 6 கிலோமீட்டர், நாடு நாடாப் படகுல வந்தாங்க. மழை விடாமக் கொட்டியும் ஒருத்தரும் கையாட்டுறதை நிறுத்துல. பவானி கூடுதுறைப் படித்துறையில வளந்தவன் நான். ஆத்தையே வாசலாக்கி விருந்தாளியக் கூப்புட்டது நெஞ்சைத் தொட்டுருச்சுங்க. நம்ம பேட்மிண்டன் சிந்துவும் டேபிள் டென்னிஸ் சரத் கமலும் கொடியோட நின்னதைக் கண்ணு நிறையப் பாக்கறதுக்குள்ள கேமரா வேற பக்கம் போயிருச்சு. அதுதான் வருத்தம். உங்களுக்கு எப்படி இருந்துச்சு?

கோபிக்காரி:
எனக்கு அவ்வளவாப் புடிக்கலைங்க. அணிவகுப்புக்கு நடுவால ஆட்டம் பாட்டுன்னு வெட்டி வெட்டிக் காட்டுனாங்க. மைதானத்துல நடந்து வந்தா ஒவ்வொரு முகமும் தெரியும். ஈஃபிள் கோபுரத்துல செலின் டியான் பாடுனப்பத்தான் எந்திரிச்சு உக்காந்தேன். உடம்பு முடியாம இருந்தவங்க, அப்படிப் பாடுறாங்க!

திருப்பூர் நைட் ஷிப்ட்:
பலூன்ல மேல போன ஒலிம்பிக் தீபம் பாத்தீங்களா? அது நெருப்பே இல்லீங்க, தண்ணித் துளியும் மின்விளக்கும்தான். கம்பெனியில டீ நேரத்துல போன்ல பாத்து அசந்துட்டோம்.

பவானித்தறி:
அப்படிங்களா! அம்முச்சி அதைப் பாத்துக் கும்புட்டுட்டாங்க. ஆடிப்பெருக்குக்கு இன்னும் 7 நாள்தான், இந்தத் தடவை ஆத்துல விளக்கு விடறப்ப அதைச் சொல்லணுங்க.