எத்தனை என்று கேட்டால் எந்த எத்தனை? மோங்கோடிபி எண்ணிக்கை அனுபவங்கள்: நால்வரின் உரையாடல்

காட்பாடிக்காரன்

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஆலையின் சரக்கிருப்பு மென்பொருளைப் பராமரிக்கிறேன். ஒவ்வொரு தோல் கட்டுக்கும் மோங்கோடிபி என்ற தரவுத்தளத்தில் ஓர் ஆவணம். அந்த ஆவணங்களின் தொகுப்புக்குப் பெயர் கலெக்‌ஷன். கோடையில் ஒரு நாள் மின்சாரம் போய், யுபிஎஸ் பேட்டரியும் கைவிட, சர்வர் சட்டென்று அணைந்தது. மீண்டும் ஓடத் தொடங்கியபோது, முகப்பில் தெரிந்த மொத்த எண்ணிக்கையும் வகைவாரியாக எண்ணிக் கூட்டியதும் ஒத்துவரவில்லை. கணக்கர் கிடங்கைப் பூட்டச் சொல்லிவிட்டார். தோல் திருடுபோய்விட்டதாம். காவலாளியை நிற்கவைத்து விசாரணை வேறு.

ஒரு கட்டுகூடக் காணாமல் போகவில்லை. முகப்பு அழைத்தது எஸ்டிமேட்டட் டாக்குமென்ட் கவுண்ட் என்ற கட்டளையை. அது ஆவணங்களை எண்ணுவதே இல்லை. கலெக்‌ஷனைப் பற்றிச் சர்வர் எழுதிவைத்திருக்கும் குறிப்பிலிருந்து ஓர் எண்ணை எடுத்து நீட்டிவிடும். கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வருவது அதனால்தான். மோங்கோடிபியின் சேமிப்பு இயந்திரமான வயர்டைகர், தரவின் அப்போதைய நிலையை 60 விநாடிக்கு ஒருமுறை செக்பாயின்ட்டாக வட்டில் எழுதுகிறது. முறையாக மூடாமல் சர்வர் விழுந்தால், கடைசி செக்பாயின்ட்டுக்குப் பிறகு நடந்த சேர்ப்பும் நீக்கமும் அந்தக் குறிப்பில் சரியாக ஏறாமல் போகலாம். மாற்றங்களை உடனுக்குடன் குறித்துவைக்கும் ஜர்னலிலிருந்து ஆவணங்கள் மீண்டுவிட்டன, எண் மட்டும் பிசகிவிட்டது. வேலிடேட் கட்டளை அதை நேர்செய்யும். ஓடி முடியும்வரை கலெக்‌ஷனைப் பூட்டிவைக்கும் என்பதால் இரவு ஷிப்ட் முடிந்த பிறகே ஓட்டினோம்.

காவலாளியிடம் யாரும் வருத்தம் தெரிவித்ததாகத் தெரியவில்லை.

கோட்டை அகழி

நான் பார்த்தது இதற்கு நேர் எதிர். 2018-இல் மோங்கோடிபியின் 4.0 பதிப்பு வந்தபோது, நம் நிரலை அதனோடு இணைக்கும் டிரைவர்களில் பழைய கவுண்ட் கட்டளை கைவிடப்படும் என்ற எச்சரிக்கை வரத் தொடங்கியது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி, எச்சரிக்கை வந்த இடத்திலெல்லாம் கவுண்ட் டாக்குமென்ட்ஸ் என்று மாற்றிவிட்டார். எச்சரிக்கைகள் ஒழிந்தன, டேஷ்போர்டு நொண்ட ஆரம்பித்தது. காரணம் எளிது. அந்தக் கட்டளை உள்ளே ஒரு அக்ரிகேஷனாக (ஆவணங்களைப் படிப்படியாக அலசித் தொகுக்கும் வேலையாக) ஓடி, பொருந்துகிற ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூட்டுகிறது. நிபந்தனை எதுவும் தராவிட்டால் கலெக்‌ஷன் முழுவதையும் நடந்து முடிக்கும். மொத்தம் மட்டும் போதுமான இடங்களில் காட்பாடிக்காரன் அண்ணா திட்டிய அதே மதிப்பீட்டு எண்ணைத் திரும்ப வைத்தோம். நிபந்தனையோடு எண்ணும் இடங்களில், அந்தப் புலத்துக்கு இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) போட்டதும் வேகம் வந்துவிட்டது.

பக்கத்துக்கு 20 வரிசை காட்டும் திரையில் இன்னொரு வம்பு. கட்டளைகளைத் தட்டும் ஷெல்லில் ‘20 போதும்’ என்று லிமிட் 20 போட்டுவிட்டு, தேடல் முடிவுகளைத் தரும் கர்சரின் மீது கவுண்ட் அழைத்தால், லிமிட்டையும், முதல் சிலவற்றைத் தாண்டச் சொல்லும் ஸ்கிப்பையும் அது கண்டுகொள்ளாது. பொருந்தும் எல்லாவற்றின் எண்ணிக்கையைச் சொல்லும். சைஸ் என்று கேட்டால்தான் 20 வரும். ஒன்று ‘மொத்தம் எத்தனை’ என்பதற்கும் மற்றது ‘கையில் வந்தது எத்தனை’ என்பதற்கும் விடை. பெயர்களைப் பார்த்து யாராலும் ஊகிக்க முடியாது என்பதுதான் என் புகார்.

காந்தி ரோடு விடுதி

எங்கள் தொல்லை வேறு ரகம். வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் வங்காளம், வடகிழக்கு, வங்கதேச நோயாளிகளும் கூட வருபவர்களும் தங்கும் விடுதிகள் இங்கே நிறைய. கடைப் பலகைகளில் வங்காள எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். ஓர் அறைப் பதிவுக்கு ஓர் ஆவணம், தங்குபவர்கள் எல்லாரும் அதற்குள் ஒரு அரேயாக (பட்டியலாக) இருப்பார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குப் படிவம் அனுப்ப வேண்டும். அதுவும் ஆளுக்கொன்று.

மென்பொருள் செய்து கொடுத்தவர் ‘நாடு வங்கதேசம்’ என்ற நிபந்தனையோடு ஆவணங்களை எண்ணி முகப்பில் போட்டிருந்தார். அப்பா நோயாளி, மகனும் மருமகளும் துணைக்கு. மூவரும் ஓர் அறையில். திரையில் 1 என்று வரும், அனுப்ப வேண்டிய படிவமோ 3. மேலாளர் தினமும் லெட்ஜரைப் புரட்டி ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்வைண்ட் போட்டு அரேயைப் பிரித்து, நாட்டை மறுபடி வடிகட்டி, அதன் பிறகு எண்ணியதும் தகராறு தீர்ந்தது. மறுபடி வடிகட்டுவது முக்கியம். இல்லையென்றால் அதே அறையில் தங்கிய கொல்கத்தா உறவினரும் வெளிநாட்டவர் ஆகிவிடுவார்.

கீழ்த்தள அறை ஒதுக்குவதற்கு 60 வயது கடந்த வங்கதேசத்தவர் உள்ள பதிவுகளைத் தேடியபோது இன்னொன்று தெரிந்தது. இரண்டு நிபந்தனைகளைத் தனித்தனியாக எழுதினால், நாடு ஒருவரிடமும் வயது இன்னொருவரிடமும் பொருந்தினாலே அந்தப் பதிவு எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டுமானால் எலம்மேட்ச் போட வேண்டும்.

வாலாஜா வாசி

மாவட்டம் பிரிந்த கதையை யாரும் சொல்லவில்லையே! 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. எங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் ஆம்பூர், வாணியம்பாடி முகவரிகள் திருப்பத்தூருக்கும், வாலாஜா, சோளிங்கர், அரக்கோணம் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். சில பழைய ஆவணங்களில் இன்னும் ‘வட ஆற்காடு’. அந்த மாவட்டம் பிரிந்ததோ 1989-இல். சிலவற்றில் மாவட்டம் என்ற புலமே கிடையாது. மாவட்டம் ‘நல்’ (வெற்று மதிப்பு) என்று தேடி எண்ணினால், மதிப்பு நல்லாக இருப்பவையும் புலமே இல்லாதவையும் ஒன்றாகக் கலந்து வரும். புலமே இல்லாதவற்றை மட்டும் எண்ண, புலம் உண்டா என்று பார்க்கும் எக்ஸிஸ்ட்ஸ் தேவைப்பட்டது.

அதைவிடக் கொடுமை அரக்கோணம். ஊர்ப் பெயரை வைத்து எண்ணினால் பாதிப்பேர் வரவில்லை. திரையில் இரண்டும் ஒரே எழுத்துகள்தான். ஆனால் ‘கோ’வின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். வேறெங்கிருந்தோ வந்த பழைய கோப்பில் இரண்டாவது வகை. சாதாரண ஒப்பீட்டில் மோங்கோடிபிக்கு அவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். எல்லாவற்றையும் ஒரே குறியாகச் சேர்த்தெழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றி எழுதிய பிறகுதான் அரக்கோணம் ஒன்றானது. வேலூருக்கும் ஆம்பூருக்கும் ஓகாரம் இல்லாததால் தப்பித்தன.

காட்பாடிக்காரன்

வாலாஜா வாசி சார், சேமிக்கும்போதே என்எஃப்சி ஆக்குகிறீர்களா, தேடும்போதா?

வாலாஜா வாசி

இரண்டு இடத்திலும். தேடுபவர் எந்த விசைப்பலகையில் தட்டுகிறார் என்பது நம் கையில் இல்லை.

கோட்டை அகழி

இன்னொன்று. ‘அடுத்த பக்கம்’ பொத்தானைக் காட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்காக மட்டும் மொத்தத்தை எண்ணாதீர்கள். 20 வேண்டுமென்றால் 21 கேளுங்கள். இருபத்தொன்றாவது வந்தால் பொத்தானைக் காட்டுங்கள். தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச்சே 7.0 பதிப்பு முதல் இயல்பாக 10,000 வரைதான் துல்லியமாக எண்ணுகிறது, அதற்கு மேல் ‘குறைந்தது இவ்வளவு’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

காந்தி ரோடு விடுதி

எங்கள் மேலாளரிடம் ‘குறைந்தது இவ்வளவு படிவம்’ என்று சொல்லிப் பாருங்கள்.