மொட்டை மாடியில் கவனிப்பின்றிக் கிடக்கும் முயல்களுக்கு நல்ல வீடு தேடுவது எப்படி?

குரோம்பேட்டை வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் ஒரே கம்பிக் கூண்டில் ஏழு முயல்கள் இருக்கின்றன. கீழ்வீட்டுக்காரர் தம் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிவந்த ஒரு ஜோடிதான் இப்படிப் பெருகியிருக்கிறது. கூண்டின் அடித்தளமும் கம்பிவலையாகவே இருப்பதால், பெரிய முயலின் பின்னங்கால் அடியில் முடி உதிர்ந்து தோல் சிவந்து தடித்துவிட்டது; நகங்கள் வளைந்து வலையில் மாட்டிக்கொள்கின்றன. இன்னொன்றின் காதுக்குள் பழுப்பு நிறப் பொருக்கு அடையடையாகக் கட்டியிருக்கிறது. மீந்த சோறும் முட்டைக்கோஸ் தழையும்தான் அவற்றுக்கு உணவு. உரிமையாளர் இரக்கமற்றவர் அல்லர். "யாராவது கேட்டால் தாராளமாகக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டலூர்ப் பக்கம் காட்டில் விட்டுவிடுகிறேன்" என்கிறார். வெயில் ஏறிக்கொண்டே போகிறது. நான் முதலில் எதைச் செய்ய வேண்டும்? காட்டில் விடுவது சரியா?

முயல் வளர்ப்பவர், கோவை:

காட்டில் விடும் எண்ணத்தை அவர் அடியோடு கைவிட வேண்டும், சகோதரி. வீட்டு முயல் ஐரோப்பிய முயலின் வழியில் வந்தது; நம் புதர்க்காடுகளில் வாழும் காட்டு முயல் வேறு பேரினம். காட்டு முயலின் குட்டி முடியோடும் திறந்த கண்களோடும் பிறக்கிறது, வீட்டு முயலின் குட்டியோ முடியின்றிக் கண் மூடியபடி பிறக்கிறது என்பதிலிருந்தே இரண்டும் எவ்வளவு வேறுபட்டவை என்பது விளங்கும். கூண்டில் பிறந்த வெள்ளை முயலை வெட்டவெளியில் விட்டால் நாய்க்கோ கீரிக்கோ இரையாகிவிடும். பட்டினியாலும் தாகத்தாலும் துன்புறும் வகையில் விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும். ஆயினும் சட்டத்தைக் காட்டி அவரை மிரட்ட வேண்டாம். முதல் முறைக்கு அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். மனமுவந்து கொடுக்க அவர் அணியமாக இருப்பதே உங்களுக்குப் பெரிய பலம். அந்தச் சம்மதத்தை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடு தேடுவதற்கு முன்பே, இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஆணையும் பெண்ணையும் தனித்தனிக் கூண்டில் பிரிப்பது. சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். குட்டி ஈன்ற அன்றே தாய் மீண்டும் சினை பிடிக்கக்கூடும். நான்கு மாதம் நெருங்கிய குட்டிகளையும் பிரித்தாக வேண்டும். பிரிக்காமல் நீங்கள் இரண்டு முயலுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதற்குள் இன்னும் ஆறு பிறந்திருக்கும்.

கால்நடை மருத்துவர், ஈரோடு:

காதில் உள்ளது பெரும்பாலும் மிக நுண்ணிய உண்ணிகளால் வரும் சொறியாக இருக்கும். அந்தப் பொருக்கை உரிக்காதீர்கள், கடுமையாக வலிக்கும். எடைக்கு ஏற்ற மருந்தை மருத்துவர் கொடுத்தால் அது தானே உதிர்ந்துவிடும். நாய்க்கு உண்ணி நீங்க விடும் சொட்டு மருந்துகளில் ஃபிப்ரோனில் கலந்தவை முயலின் உயிருக்கே ஆபத்தானவை. வீட்டில் இருக்கிறதே என்று அமாக்ஸிசிலினை வாய்வழி கொடுப்பதும் கூடாது. குடலிலுள்ள நல்ல நுண்ணுயிரிகளை அழித்து அது முயலைக் கொன்றுவிடும்.

உணவில் பெரும்பங்கு புல்லாகவோ உலர்புல்லாகவோ இருக்க வேண்டும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிகுந்த புல்லை மென்று தேய்த்தால்தான் அளவோடு இருக்கும், சோறு அதற்கு உதவாது. அருகம்புல், கினியாப் புல், கொஞ்சம் வேலிமசால் (தீவனத் தழை) ஆகியவற்றை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே சோற்றை நிறுத்திவிடுங்கள். மருந்து தெளித்த இடத்துப் புல்லைத் தவிர்த்துவிடுங்கள். வலையின்மேல் பலகையைப் போட்டு, வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, நனைந்ததை அன்றன்றே மாற்றினால் கால் புண் ஆற வழி கிடைக்கும்.

வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் தவிக்கத் தொடங்கும் என்பதால், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலிருந்து கூண்டைக் கீழே நிழலுக்கு இறக்குங்கள். வாயைத் திறந்து மூச்சிரைத்தால் ஈரத் துணியால் காதுகளைத் துடைத்து உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். குளிர்ந்த நீரில் முக்கக் கூடாது. அரை நாளுக்குத் தின்னாமலும் புழுக்கை போடாமலும் ஒரு முயல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தால் அதுவும் அவசரந்தான். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

குரோம்பேட்டை வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. கூண்டைப் படிக்கட்டின் அடியில் இறக்கிவிட்டோம், பலகையும் போட்டாயிற்று. ஒருவர் ஏழு முயல்களையும் தாமே எடுத்துக்கொள்வதாகவும், பணம் மட்டும் கேட்கக் கூடாது என்றும் சொல்கிறார். கொடுக்கலாமா?

முயல் வளர்ப்பவர், கோவை:

அவருடைய இடத்தை நேரில் பார்க்காமல் கொடுக்காதீர்கள். ஏழு முயல்களையும் மொத்தமாக, இலவசமாகக் கேட்பவர் இறைச்சிக்காகவோ, குட்டி எடுத்து விற்பதற்காகவோ கேட்கக்கூடும். எங்கே வைப்பீர்கள், வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள், முயல் பார்க்கும் மருத்துவர் அருகில் உண்டா என்று கேளுங்கள். உண்மையான அக்கறை உள்ளவர் இந்தக் கேள்விகளுக்குச் சினம் கொள்ள மாட்டார். கருத்தடை அறுவை சிகிச்சையின் செலவை ஏற்கச் சொல்வது நல்ல வடிகட்டி. அறுவை முடிந்த ஆணால் சில வாரங்கள் வரை சினையாக்க முடியும் என்பதால், அதன் பிறகே பெண்ணோடு சேர்க்க வேண்டும். முயல் கூட்டமாக வாழும் உயிர். தனியாகக் கொடுக்காமல், ஒத்துப்போகும் இரண்டிரண்டாகக் கொடுங்கள்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்காகக் கேட்டு வருபவர்கள் அதிகம். அவர்களை ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு வரச் சொல்லுங்கள். நன்றாகக் கவனித்தால் எட்டு, பத்து ஆண்டு வாழும் விலங்கு என்பதையும் பெற்றோரிடமே சொல்லுங்கள். வளர்க்க இயலாமல் போனால் வேறு யாருக்கும் தராமல் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். காலில் புண்ணுள்ள பெரியதையும் காதில் சொறியுள்ளதையும் முழுமையாகக் குணமாகும்வரை யாருக்கும் தர வேண்டாம். மற்ற ஐந்துக்கும் முதலில் இடம் பாருங்கள்.